கோபுரத்திலிருந்து இறங்கிய பின்னர் பார்த்த ரொறன்ரோ

ரொறன்ரோவுக்குப் போய்த் திரும்பிய எம்மவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். பார்த்த இடங்களின் பட்டியல் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். சீ.என். கோபுரம், நயாகரா நீர்வீழ்ச்சி, காசா லோமா மாளிகை, றோயல் ஒன்ராறியோ அரும்பொருட்காட்சியகம், நேரமிருந்தால் மிருகக்காட்சிச்சாலை. ஒவ்வோர் இடத்திலும் எடுத்த புகைப்படமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நின்றவர்கள் மட்டுமே வேறு.

2005 ஆம் ஆண்டின் கோடையில் முதன்முறையாக அந்நகருக்குச் சென்றபோது நானும் இந்தப் பட்டியலின் வழியே அழைத்துச் செல்லப்பட்டேன். அழைத்துச் சென்றவர் என் அக்காவின் கணவர். 1989 இல் கனடா சென்ற அத்தான், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாழ்க்கையைத் தொடங்கி, இரவில் தொழிற்சாலையிலும் மாலையில் உணவகமொன்றின் சமையலறையிலும் உழைத்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஒரு வீட்டையும் வாங்கியவர். நான் வந்திருக்கிறேன் என்பதற்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தார்.

சீ.என். கோபுரத்தின் மின்தூக்கி 58 செக்கன்களில் எம்மை மேலே கொண்டு சேர்த்தது. 342 மீற்றர் உயரத்தில் கண்ணாடித் தளம். பிள்ளைகள் அதன்மேல் குதித்து விளையாட, அக்கா கண்களை மூடிக்கொண்டு சுவரோரமாக நின்றார். அத்தானோ வடகிழக்குப் பக்கத்துக் கண்ணாடியில் நெற்றியை முட்டக் கொடுத்தபடி நெடுநேரம் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். தாம் வேலை செய்யும் தொழிற்சாலை தெரிகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். அது தெரியவில்லை. கீழே இறங்கி வரும்போதுதான் அந்த உண்மையைச் சொன்னார்.

“நீர் வந்தபடியால் நானும் ஒருக்கா ஏறிப் பார்த்தன், தம்பி. வந்து பதினாறு வருசம். ஒவ்வொரு நாளும் தூரத்தில நிண்டு பார்க்கிறதோட சரி.”

அந்த வார்த்தைகள் என்னை விட்டு இன்றுவரை நீங்கவில்லை. உல்லாசப் பயணி ஒருவன் இரண்டு வாரத்தில் பார்த்து முடித்துவிடும் நகரத்தை, அதைத் தன் உழைப்பால் இயக்குகின்ற ஒருவர் பதினாறு ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. அவர் விதிவிலக்கானவரும் அல்லர். அதன் பின்னர் நான் சந்தித்த எத்தனையோ பேர் இதே கதையைச் சொன்னார்கள். விருந்தினர் வந்தால்தான் அவர்களுக்கு நகரம் திறக்கிறது. அப்படியானால் ஒரு நகரத்தின் காட்சிகள் யாருக்காக இருக்கின்றன? 2024 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மீண்டும் அங்கு சென்று ஒரு மாதம் தங்கியிருந்தபோது இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்ததாக எண்ணுகிறேன். அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தக் கோபுரத்தைப் பற்றி. 1960 களில் ரொறன்ரோவின் மையத்தில் வானளாவிய கட்டடங்கள் எழுந்தபோது, தொலைக்காட்சி, வானொலி அலைகளுக்கு அவை தடையாயின. அக்கட்டடங்களுக்கு மேலாக அலைகளை அனுப்புவதற்கு ஓர் உயர்ந்த கம்பம் தேவைப்பட்டது. கனேடிய தேசிய ரயில் நிறுவனம் 1973 இல் வேலையைத் தொடங்கி 1976 இல் கோபுரத்தைத் திறந்தது. அந்நிறுவனத்தின் பெயரின் முதலெழுத்துகளே சீ.என். என்பவை. 553 மீற்றர் உயரம். தரையில் தனித்து நிற்கும் கட்டுமானங்களுள் உலகிலேயே உயர்ந்தது என்ற பெருமை 2007 இல் துபாயில் எழுந்துகொண்டிருந்த புர்ஜ் கலீஃபாவிடம் போயிற்று. நான் 2005 இல் ஏறியது உலகின் அதியுயர் கோபுரத்தில். 2024 இல் பார்த்தது அந்தப் பட்டத்தை இழந்துவிட்ட கோபுரத்தை. ஆனால் அதன் நிழலோ, அதற்குக் கீழே நின்ற வரிசையோ சற்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. உயரத்தால் வரும் பெருமை இன்னொருவன் அதைவிட உயரமாகக் கட்டும்வரைதான். நகரங்கள் இதை அறிந்தும் கட்டிக்கொண்டேயிருக்கின்றன.

தனி மனிதரின் பெருமைக்கோ அதைவிடவும் ஆயுள் குறைவு. அதற்குச் சாட்சி காசா லோமா. மின்சார விநியோகத்தில் பெரும் பொருளீட்டிய சேர் ஹென்றி பெலட் என்பவர் 1911 இல் தொடங்கி, 35 இலட்சம் டொலர் செலவில், 98 அறைகள் கொண்ட இம்மாளிகையை ஐரோப்பியக் கோட்டைகளின் பாணியில் எழுப்பினார். பத்து ஆண்டுகள்கூட அவரால் அதில் வாழ முடியவில்லை. கடன் சூழ்ந்தது, வீட்டு வரி ஏறியது, தளபாடங்கள் ஏலத்தில் போயின. 1933 இல் செலுத்தப்படாத வரிக்காக மாளிகையை மாநகரசபை எடுத்துக்கொண்டது. பெலட் 1939 இல் இறந்தது, தம்மிடம் முன்னர் சாரதியாக வேலை செய்தவரின் வீட்டில். மாளிகையை இடித்துவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. ஆனால் 1937 இல் அது பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் கருவிகள் அங்கே இரகசியமாக உருவாக்கப்பட்டன என்பது அதன் சுவையான பிற்கதை. ஒருவருக்கென்று கட்டப்பட்ட வீடு, எல்லோருக்கும் என்று ஆனதனாலேயே இன்றும் நிற்கிறது.

அடுத்து நயாகரா. ரொறன்ரோவிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர். காரில் ஒன்றரை மணி நேரம். குதிரைலாட வடிவ நீர்வீழ்ச்சியின் விளிம்பில், கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி, கைக்கெட்டும் தூரத்தில் பச்சை நிறத்து நீர் வளைந்து விழுவதைப் பார்க்கிறோம். அவ்விடத்தில் நிற்பதற்கு யாரும் எம்மிடம் பணம் கேட்பதில்லை. வாகனத்தை நிறுத்தவும், படகில் போகவும், உணவருந்தவும் பணம் வேண்டும். பார்ப்பதற்கு வேண்டாம்.

இது இயற்கையாக அமைந்த ஏற்பாடு என்று நினைத்துவிடக்கூடாது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீர்வீழ்ச்சியைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் வணிகரின் பிடியில் இருந்தது. வேலி கட்டினார்கள், வேலியின் ஓட்டைவழியே பார்ப்பதற்குக்கூடப் பணம் பறித்தார்கள், ஏமாற்று வித்தைக்காரரும் தரகரும் பயணிகளைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அவமானம் பொறுக்காமல் எல்லையின் இருபுறத்திலும் குரல் எழுந்தது. 1878 இல் ஆளுநர் நாயகம் டஃபரின் பிரபு பொதுப் பூங்கா ஒன்று அமைக்கும்படி வலியுறுத்தினார். 1885 இல் நியூயோர்க் மாநிலம் தன் பக்கத்து நிலத்தைப் பொதுவுடைமையாக்கியது. அதே ஆண்டில் ஒன்ராறியோவும் நயாகரா பூங்கா ஆணைக்குழுவை அமைத்தது. 1888 இல் விக்ரோரியா மகாராணியின் பெயரால் பூங்கா திறக்கப்பட்டது. இன்று எங்கள் பிள்ளைகள் சாரலில் நனைந்து சிரிக்கிறார்கள் என்றால், ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னர் சிலர் வேலியைப் பிடுங்கியெறிந்ததனால்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாம் காணும் நீரின் அளவுகூட மனிதர் பேசி முடிவுசெய்ததே. கனடாவும் அமெரிக்காவும் 1950 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பயணிகள் வரும் பருவத்தின் பகல் வேளையில் செக்கனுக்குக் குறைந்தது 2,832 கன மீற்றர் நீர் வீழ்ச்சியில் விழவேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். மீதி நீர் மின்னுற்பத்திக்குத் திருப்பப்படுகிறது. அழகுக்கு எவ்வளவு, ஆதாயத்துக்கு எவ்வளவு என்று இரண்டு அரசுகள் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கின்றன. அழகுக்கும் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அதுதான் முக்கியம்.

இனி நகருக்கு உள்ளே வருவோம். கோபுரத்தின் உச்சியிலிருந்து கோடையில் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கத் தவறமாட்டார். கட்டடக் காட்டின் ஊடே பச்சைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். அவை ஆறுகளும் ஓடைகளும் அறுத்த பள்ளத்தாக்குகள். நகரப் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம் அவை. இவ்வளவு விலைமதிப்பான நிலத்தில் எப்படி வீடு கட்டாமல் விட்டார்கள் என்ற கேள்வி எழும். கட்டித்தான் இருந்தார்கள். 1954 ஒக்ரோபர் 15 ஆம் திகதி இரவு ‘ஹேஸல்’ சூறாவளி வந்தது. ஹம்பர் ஆறு பெருக்கெடுத்து றேமோர் ட்ரைவ் என்ற ஒரேயொரு வீதியில் மட்டும் 35 பேரைக் கொண்டுபோயிற்று. ஒன்ராறியோவில் மொத்தமாக 81 பேர் மாண்டனர். அதன் பின்னர் வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் குடியிருக்க முடியாதென்று தடைவிதித்து, நிலங்களைப் பொதுவில் எடுத்துப் பூங்காக்களாக்கினர். இன்று மாலையில் எம்மவர்கள் நடைப்பயிற்சிக்குச் செல்லும் அந்தப் பசுமை, அன்று இறந்தவர்களின் நினைவிடமும்கூட. அனர்த்தத்திலிருந்து பாடம் கற்ற நகரம் என்று இதனைச் சொல்வேன். அனர்த்தங்களை மட்டும் நினைவுகூர்ந்து, பாடத்தை மறந்துவிடும் தேசத்திலிருந்து போன எனக்கு அது பெரிய விடயமாகப் பட்டது.

நகர மையத்தில் அருகருகே நிற்கும் பழைய, புதிய நகர மண்டபங்களும் இதே கதையைச் சொல்கின்றன. 1899 இல் முடிக்கப்பட்ட பழைய மண்டபத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை இடித்து, வர்த்தக வளாகம் கட்டும் திட்டமொன்று 1960 களில் வந்தது. குடிமக்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. எதிரே 1965 இல் திறக்கப்பட்ட புதிய மண்டபம், 42 நாடுகளிலிருந்து 500 க்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய போட்டியில் தெரிவான வடிவம். அதை வரைந்த பின்லாந்துக் கட்டடக்கலைஞர் வில்யோ ரெவெல் திறப்பு விழாவைக் காண உயிரோடிருக்கவில்லை. முன்றலில் உள்ள நீர்த்தடாகம் குளிர்காலத்தில் உறைந்து சறுக்கு மைதானமாகும். சொந்தமாகச் சப்பாத்து வைத்திருப்பவர் காசின்றிச் சறுக்கலாம். 1971 இல் நகரின் குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு போகவிருந்த ஸ்படைனா அதிவேகப் பாதையும் மக்களின் எதிர்ப்பினாலேயே மாகாண அரசினால் நிறுத்தப்பட்டது.

எல்லாப் போராட்டங்களும் இவ்வளவு நேரானவை அல்ல. வாவியில் மிதப்பதுபோலத் தெரியும் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1858 வரை அவை தீவுகளே அல்ல. நிலத்தோடு ஒட்டிய மணல்நாக்கை அவ்வாண்டு வீசிய புயல் அறுத்துத் தீவாக்கியது. பின்னர் அங்கே குடியிருப்புகள் பெருகின. 1950 களில் பொதுப் பூங்காவுக்காக அவ்வீடுகளை அகற்றத் தொடங்கினர். எஞ்சிய தீவுவாசிகள் விட்டுக்கொடுக்கவில்லை. 1980 இல் வெளியேற்ற வந்த அதிகாரியை வழிமறித்தார்கள். 1993 இல் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. ஒரு பக்கம் எல்லோருக்குமான பூங்கா. மறுபக்கம் சிலரின் ஊர். எந்தப் பக்கம் நியாயம் என்று என்னால் இலகுவில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொந்த ஊரிலிருந்து கிளப்பப்பட்டவர்களுக்கு அது இன்னும் கடினம். ஆனால் சுமார் 260 வீடுகளும் பிழைத்தன, பூங்காவும் பிழைத்தது. தோணித்துறையிலிருந்து சிறு கட்டணத்தில் கால்மணி நேரத்தில் அங்கே போய்விடலாம். நகரத்தின் மிக அழகான தோற்றம் அங்கிருந்து தெரிவதுதான். கோபுரத்தின் மேலே ஏறிய பின்னர் கோபுரத்தைப் பார்க்க முடிவதில்லை.

இவ்வளவு சொன்ன நான் ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த நிலம் முழுவதும் முதலில் யாருடையது என்பது. 1805 இல் மிஸிஸாகா பூர்வகுடியினரிடமிருந்து இப்பெரும் நிலப்பரப்பைப் பிரித்தானிய முடி தன்னுடையதாக உறுதிப்படுத்திக்கொண்டது 10 ஷிலிங் கொடுத்து. அதற்கான நட்டஈடாக 145 மில்லியன் டொலர் அவர்களுக்குக் கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொதுவுடைமை பற்றிப் பேசும்போது, அந்தப் பொதுவில் சேர்க்கப்படாமல் விடப்பட்டவரையும் நினைக்கத்தான் வேண்டும்.

இப்போது என் மனதில் முதலிடம் பெற்ற மனிதருக்கு வருகிறேன். ரேமண்ட் மொரியாமா. 1929 இல் வன்கூவரில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காகக் கனேடிய அரசு தன் சொந்தப் பிரஜைகள் உட்பட ஏறத்தாழ 22,000 பேரைக் கரையோரத்திலிருந்து பெயர்த்து உள்நாட்டு முகாம்களுக்கு அனுப்பியது. அவர்களுள் சிறுவன் மொரியாமாவும் ஒருவன். உடலிலிருந்த தீக்காயத் தழும்பைப் பிறர் கேலி செய்ததால், மற்றவர் கண்ணில் படாமல் ஆற்றில் குளிக்கப் போவானாம். அங்கே ஒரு மரத்தின் மேல் தன் கையாலேயே ஒரு சிறு குடிலைக் கட்டினான். அதுவே தனது முதல் கட்டடம் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. அரசு 1988 இல் மன்னிப்புக் கேட்டது. அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, தன்னை முள்வேலிக்குள் வைத்த நாட்டுக்கு அவர் கதவுகள் திறந்த கட்டடங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அவற்றுள் மூன்று ரொறன்ரோவில் உள்ளன. 1969 இல் திறந்த ஒன்ராறியோ விஞ்ஞான நிலையம். 1973 இல் திறந்த ஸ்காபரோ நகர நிலையம். 1977 இல் திறந்த ரொறன்ரோ உசாத்துணை நூலகம்.

அந்த நூலகத்தினுள் முதன்முறை நுழைந்தபோது, ஐந்து மாடிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி வளைந்து நிற்க, நடுவே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அடையாள அட்டை கேட்பார் எவருமில்லை. வீடற்றவர் ஒருவர் குளிருக்கு ஒதுங்கிப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அருகே ஒரு மாணவி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தபோது பாடசாலை மாணவனாக இருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எந்த நாட்டிலும் ஒரு பொது நூலகத்தின் படியில் கால் வைக்கும்போது என் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் துடிக்கும். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். நகரில் வசிப்பவருக்கு உறுப்புரிமை இலவசம். தமிழ் நூல்களும் உண்டு. அந்த அட்டை இருந்தால் சில அரும்பொருட்காட்சியகங்களுக்கு இலவச அனுமதிச்சீட்டையும் முற்பதிவு செய்து பெறலாம். இதை அறியாமல் பணம் கட்டி வரிசையில் நின்ற எம்மவர்கள் எத்தனை பேர்!

விஞ்ஞான நிலையத்தின் கதைதான் வேதனையானது. 2005 இல் என் மருமக்கள் இருவரும் பட்டியலில் மிக விரும்பிய இடம் அதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டாமல், தொட்டும் இழுத்தும் தட்டியும் பார் என்று பிள்ளைகளிடம் சொன்ன, உலகின் முன்னோடிக் கூடங்களுள் ஒன்று. டொன் பள்ளத்தாக்கின் சரிவில், மரங்களை அதிகம் வெட்டாமல், மலையோடு மலையாக இறங்கும் கட்டடம். அதற்கு அயலில் உள்ள அடுக்குமாடிகளில் வாழ்வோர் பெரும்பாலும் புதிதாக வந்த குடியேறிகள். அவர்களது பிள்ளைகள் நடந்தே வரக்கூடிய தூரம். 2024 ஜூன் 21 ஆம் திகதி மாகாண அரசு அதனை ஒரே நாளில் மூடியது. கூரைப் பலகைகளில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்ற பொறியியல் அறிக்கையைக் காரணம் காட்டியது. மொரியாமா இறந்து ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. அவர் நிறுவிய கட்டடக்கலை நிறுவனம் இலவசமாக உதவுவதாகக் கூறியும் முடிவு மாறவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் நான் சென்றபோது வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது.

அரசின் பக்கத்தையும் சொல்வது நேர்மை. கூரை இடிந்து பிள்ளைகள்மேல் விழுந்தபின் விளக்கம் சொல்வதைவிட முன்கூட்டியே மூடுவது மேல் என்பதை யாரும் மறுக்க முடியாது. அரை நூற்றாண்டு பழைய கட்டடத்தைத் திருத்துவதற்குப் பெரும் பணம் தேவை என்பதும் உண்மை. புதிய நிலையம் வாவிக்கரையில் ஒன்ராறியோ பிளேஸில் கட்டப்படும் என்கிறது அரசு. ஆனால் இடமாற்றும் முடிவு 2023 லேயே, கூரை பற்றிய அந்த அறிக்கைக்கு முன்னரே, அறிவிக்கப்பட்டுவிட்டது. புதியது பழையதன் பாதியளவே இருக்கும் என்பதும் வெளிவந்த விடயம். ஆண்டுக்காண்டு திருத்தாமல் விட்டு, பின்னர் திருத்த முடியாது என்று சொல்வது, பொதுச் சொத்தை ஒழிக்கும் மிகப் பழைய உத்தி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை பாடசாலைகள், வைத்தியசாலைகள், ரயில் நிலையங்களில் இதை எழுதியெழுதி என் பேனா தேய்ந்திருக்கிறது. அங்கே கனேடிய ஆங்கிலத்தில் கேட்டபோதும் அந்த வாதம் எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது.

ஒன்ராறியோ பிளேஸும் அப்படித்தான். 1971 இல் வாவியை நிரப்பிச் செயற்கைத் தீவுகளில் மாகாணத்து மக்களுக்காகக் கட்டப்பட்ட கேளிக்கைப் பூங்கா. உலகின் முதலாவது நிரந்தர ஐமாக்ஸ் திரையரங்கு அங்கேதான் உள்ளது. 2012 இல் அது மூடப்பட்டது. பின்னர் ஒரு பகுதி வெளிநாட்டு நிறுவனமொன்றின் நீராட்டு நிலையத்துக்கென 95 ஆண்டு குத்தகைக்கு விடப்பட்டது. 2024 ஒக்ரோபரில், ஓரிரவில் நூற்றுக்கணக்கான மரங்கள் தறிக்கப்பட்டன. மறுநாள் அக்காவின் மகள் தொலைபேசியில் அந்தப் படங்களைக் காட்டியபோது அத்தான் எதுவும் பேசவில்லை. வெளியே போய் நின்றார். மரம் தறிக்கும் சத்தத்தை முன்னரும் கேட்டவர் அவர்.

இங்கேதான் எம்மவர்க்குச் சொல்ல விரும்பும் கருத்து இருக்கிறது. ரொறன்ரோவில் வாழும் தமிழர் நகரத்தைப் பார்க்கவில்லை என்று குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. இரண்டு வேலை, வீட்டுக் கடன், ஊரிலுள்ளோருக்கு மாதாந்தம் அனுப்ப வேண்டிய காசு, நீண்ட பஸ் பயணம் இவற்றுக்கு நடுவில் எவருக்கு நேரமிருந்தது? நால்வர் கொண்ட குடும்பம் கோபுரத்தில் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் நாம் ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று கருதுவதெல்லாம் அனுமதிச்சீட்டு விற்கும் இடங்களாகவே இருப்பது ஏன்? காசு கொடுத்துப் பார்த்தால்தான் காட்சி என்ற எண்ணம் எம்மை அறியாமலே எமக்குள் குடிபுகுந்துவிட்டது. இதனால் இரண்டு நட்டங்கள். ஒன்று, எமக்குரியதை நாம் அனுபவிக்காமல் விடுகிறோம். மற்றது இன்னும் பெரியது. நாம் பயன்படுத்தாத பொது இடம் பறிபோகும்போது, அது போனதே எமக்குத் தெரிவதில்லை. நகரமண்டபத்தைக் காக்கத் திரண்டவர்களும், அதிவேகப் பாதையை மறித்தவர்களும், தீவில் வழிமறித்து நின்றவர்களும் அந்த இடங்களைத் தம் கால்களால் அறிந்தவர்கள். அறியாத இடத்துக்காக எவரும் குரல் கொடுப்பதில்லை.

ஸ்காபரோ வாசிகளுக்கு இதைத் தேடி வெகுதூரம் போகவும் தேவையில்லை. வீட்டுக்கு அண்மையிலேயே ஸ்காபரோ செங்குத்துப் பாறைகள் இருக்கின்றன. சுமார் 15 கிலோமீற்றர் நீளம்; 90 மீற்றர் வரை உயரம். 1793 இல் ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இவற்றைக் கண்டு இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்ததனால்தான் அந்தப் பிரதேசத்துக்கு அப்பெயரே வந்தது. கிழக்கே ரூஜ் பள்ளத்தாக்கு. 2015 இல் கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்காவாக அமைக்கப்பட்டது. பரப்பு 79 சதுர கிலோமீற்றர். உள்ளே செல்லக் கட்டணமில்லை.

கோபுரத்தில் ஏற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏறுங்கள். ஓரிடத்திலிருந்து முழு நகரையும் காண்பது நல்ல அனுபவமே. அதுவும் 1995 முதல் மத்திய அரசின் நிறுவனமொன்றின் கையில் உள்ள பொதுச் சொத்துத்தான். ஆனால் மேலே நின்று பச்சைக் கோடுகளைப் பார்த்தவர்கள் கீழே இறங்கி அவற்றின் வழியே நடக்கவும் வேண்டும்.

அத்தான் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். முழங்கால் சரியில்லை, இரவு வேலையின் மிச்சம். நான் திரும்புவதற்கு முதல்நாள், தன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு என்னைப் பாறைகளின் அடியிலுள்ள கடற்கரைக்கு, மன்னிக்கவும், வாவிக்கரைக்கு அழைத்துச் சென்றார். எல்லையற்று விரிந்த அந்நீரைக் கடல் என்று சொல்லித்தான் எங்களுக்கு வருகிறது. பேத்தி கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கிழமைக்கு இருமுறை கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போவதாகவும், தானும் அங்கே இருந்து தமிழ் நாவல்கள் வாசிப்பதாகவும் சொன்னார். விஞ்ஞான நிலையத்துக்கு அவளைக் கூட்டிப்போக முடியாமல் போனதுதான் கவலை என்றார்.

“பிள்ளையளைக் கொண்டுபோனது ஒரே ஒரு தரம், அதுவும் நீர் வந்தபோது. திரும்பப் போகலாம், எங்க போகப்போகுது எண்டு நினைச்சன்.”

எங்கே போகப்போகிறது என்று நினைப்பவைதான் முதலில் போகின்றன. ஆகவே ரொறன்ரோவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்தினர் வரும்வரை காத்திராதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அனுமதிச்சீட்டு இல்லாத ஓர் இடத்துக்குப் போங்கள். அது எப்படி உங்களுக்குக் கிடைத்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். நாளை யாராவது அதைச் சுற்றி வேலி போட வந்தால், அங்கே என்ன இருந்தது என்று சொல்வதற்கு அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.